பரவலாக்கமும் கண்டடைதலும்: குத்தம்பாக்கம், தமிழ்மணம், மாஸ்டோடன்

ஆய்வுச்சுருக்கம்

மையமற்ற சமூக வலைப்பின்னல்கள் ஒற்றை நிறுவனத்தின் பிடியிலிருந்து பயனரை விடுவிக்கின்றன என்பது பரவலான கருத்து. அவ்விடுதலை தானாகவே பன்மைத்தன்மையைத் தந்துவிடும் என்ற நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்தே வருகின்றது. இக்கட்டுரை இரண்டாவது நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்துகின்றது. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம் ஊராட்சியின் கிராம வலைப்பின்னல் சிந்தனை, 2004இல் தோன்றிய தமிழ்மணம் திரட்டி, 2019, 2022ஆம் ஆண்டுகளில் இந்தியப் பயனர்கள் நாடிச் சென்ற மாஸ்டோடன் ஆகிய மூன்றையும் அது ஒப்புநோக்குகின்றது. அலகுகளின் தன்னாட்சி மட்டும் பன்மையை உருவாக்குவதில்லை. அவற்றை ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தும் இடைநிலை அமைப்பும் அவ்வமைப்பின் வெளிப்படையான விதியுமே பன்மையைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மையமற்ற வலைப்பின்னல், கண்டடைதல், திரட்டி, தமிழ்மணம், மாஸ்டோடன், குத்தம்பாக்கம், சமத்துவபுரம், தொகை.

முன்னுரை

2019 நவம்பரில் இந்தியாவில் ட்விட்டர் பயனர்களில் ஒரு பகுதியினர் மாஸ்டோடன் என்னும் மாற்று வலைப்பின்னலை நோக்கி நகர்ந்தனர். உச்சநீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கு முடக்கப்பட்டமை ஒரு காரணம். இதழாளர் திலீப் மண்டலின் கணக்கின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தொடர்ந்து, ட்விட்டர் தன் விதிகளைச் சாதிப் பாகுபாட்டுடன் நடைமுறைப்படுத்துகின்றது என்று எழுந்த குற்றச்சாட்டு மற்றொரு காரணம். 2022 அக்டோபர் இறுதியில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபின் உலகளவில் இதைவிடப் பெரிய நகர்வு நிகழ்ந்தது. இவ்விரு நகர்வுகளிலும் சென்றவர்கள் பலர், தங்கியவர்கள் சிலர். திரும்பியவர்கள் கூறிய குறைகளுள் முதன்மையானது, புதிய இடத்தில் தமக்குரியவர்களைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்பதாகும்.

இக்குறையைப் புதியவரின் பழக்கமின்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது வலைப்பின்னலின் அமைப்பிலிருந்தே பிறப்பது. எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் தளத்தில் யாரை யாருக்குக் காட்டுவது என்பதை அத்தளத்தின் உரிமையாளர் முடிவுசெய்கின்றார். கூரைகள் ஆயிரமாகப் பிரியும்போது அம்முடிவை எடுப்பவர் யார் என்ற வினா எழுகின்றது. ஒருவரும் எடுப்பதில்லை என்பது சரியான விடையன்று. தமிழ்ச் சூழல் இவ்வினாவை முதன்முறையாகச் சந்திக்கவுமில்லை. மாஸ்டோடனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இணையத்தில் ஒரு மையமற்ற தமிழ் வலைப்பின்னல் இயங்கியது. அதற்கும் முன்பே, இணையத்துக்கு வெளியில், சென்னையின் மேற்குப் புறநகர் ஊர் ஒன்று தன்னாட்சி அலகுகளின் வலைப்பின்னலைக் கற்பனை செய்தது. இவற்றை ஒருங்குவைத்துக் காண்பது, கண்டடைதலின் அரசியலைத் தெளிவுபடுத்த உதவும்.

தொகையும் அடியளவும்

சிதறிக் கிடப்பவற்றைத் தேடித் திரட்டி ஓர் ஒழுங்கில் வைப்பதைத் தமிழ் மரபு ‘தொகை’ என்று குறித்தது. குறுந்தொகையில் இருநூறுக்கும் மேற்பட்ட புலவர்களின் பாடல்கள் உள்ளன. பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் அரசர், ஔவையார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஆகியோர் அதில் ஒரே நூலுக்குள் அடுத்தடுத்த பக்கங்களில் நிற்கின்றனர். வெவ்வேறு ஊர்களிலும் தலைமுறைகளிலும் வாழ்ந்தவர்களை ஒருவருக்கொருவர் அண்டை ஆக்கியது தொகுத்தவரின் செயலேயாகும்.

அகத்தொகை நூல்கள் மூன்றில் தொகுப்பின் விதி எளியது. நான்கு முதல் எட்டடி வரையுள்ளவை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டடி வரையுள்ளவை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தோரடி வரையுள்ளவை அகநானூறு. ஒருசில விலக்குகள் உண்டெனினும் விதி வாசகருக்குத் தெரியும். அடியளவு பாடியவரின் குலத்தையோ ஊரையோ கேட்பதில்லை. ஒரு பாடல் ஏன் இந்நூலில் உள்ளது என்று கேட்பவர் தாமே அடிகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

எனினும் இவ்விதியின் எல்லையும் நோக்கத்தக்கது. அடியளவு எந்த நூலில் வைப்பது என்பதைச் சொல்கின்றதேயன்றி, எவை தொகுப்புக்கு வந்துசேர்ந்தன, எவை வரவில்லை என்பதைச் சொல்வதில்லை. தொகைக்குள் வராத பாடல்கள் பெரும்பாலும் மறைந்தன. ஆக, தொகுப்பவருக்கு இருவகை அதிகாரம் உண்டு: உள்ளே வந்ததை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ஒன்று, எது உள்ளே வரும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் மற்றொன்று. முதலாவது வெளிப்படையாக இருக்கும்போதும் இரண்டாவது மறைந்திருக்கக்கூடும். இவ்வேறுபாடு பின்வரும் மூன்று களங்களுக்கும் பொருந்தும்.

குத்தம்பாக்கம்: தன்னாட்சியும் அண்மையும்

குத்தம்பாக்கம் பூவிருந்தவல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தையும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் தொடர்ந்து 1996இல் நடைபெற்ற உள்ளாட்சித் தேர்தலில் அவ்வூரைச் சேர்ந்த இளங்கோ ரங்கசாமி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேதிப்பொறியியல் பயின்று அறிவியலாளராகப் பணியாற்றிய அவர், காந்தியின் கிராம சுயராச்சியச் சிந்தனையையும் ஜே.சி. குமரப்பாவின் பொருளியலையும் ஊராட்சி நிர்வாகத்தில் செயல்படுத்த முனைந்தவர். அண்டைக் கிராமங்கள் ஒரு தொகுதியாக இணைந்து, ஒன்றின் உற்பத்தியை மற்றொன்று நுகரும் ‘வலைப்பின்னல் பொருளாதாரம்’ என்பது அவர் முன்வைத்த கருத்து. ஒவ்வோர் ஊரும் தன்னளவில் முழுமையாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் எந்த ஊரும் நகரம் என்னும் ஒற்றை மையத்தைச் சார்ந்து நிற்கவேண்டியதுமில்லை என்பதே அதன் சாரம்.

காந்தி 1946 ஜூலையில் ஹரிஜன் இதழில் வரைந்து காட்டிய சமுதாயச் சித்திரமும் இத்தகையதே. உச்சியை அடித்தளம் தாங்கும் கோபுரமாக அன்றி, விரிந்துகொண்டே செல்லும் கடல்வட்டங்களாக அவர் சமுதாயத்தைக் கண்டார். மாஸ்டோடன் போன்ற வலைப்பின்னல்களை ஆதரிப்போர் தரும் விளக்கப்படங்களில் சிறுசிறு வட்டங்கள் கோடுகளால் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள ஒப்புமை தற்செயலானதன்று. மையத்தின்மீதான ஐயமும் சிற்றலகின்மீதான நம்பிக்கையும் இரண்டுக்கும் பொது.

அந்நம்பிக்கைக்கு எதிரான வலிமையான குரல் அம்பேத்கருடையது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்மொழிந்து பேசிய அவர், கிராமத்தைக் குறுகிய ஊர்ப்பற்றும் அறியாமையும் வகுப்புவாதமும் உறையும் இடமாகக் கண்டு, தனிமனிதரையே அரசியலமைப்பின் அலகாகக் கொண்டமையை வரவேற்றார். தன்னாட்சி பெற்ற சிற்றலகு தனக்குள் ஒடுக்குமுறையைப் பேணவும் தன்னாட்சியைப் பயன்படுத்தலாம் என்பது அவர் வாதத்தின் உட்பொருள். ஊர் எனவும் சேரி எனவும் பிரிந்துள்ள நிலப்பரப்பில் ‘உள்ளூர்’ என்பது யாருடைய ஊர் என்ற வினா தவிர்க்கவியலாதது.

குத்தம்பாக்கத்தின் சிறப்பு, அவ்வினாவைத் தவிர்க்காமல் எதிர்கொண்டதில் உள்ளது. அங்கு எழுப்பப்பட்ட இரட்டை வீடுகளில் பொதுச்சுவரின் ஒருபுறம் தலித் குடும்பமும் மறுபுறம் தலித் அல்லாத குடும்பமும் குடியமர்ந்தன. அக்குடியிருப்பு சமத்துவபுரம் எனப் பெயர்பெற்றது. 1997-98இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரத் திட்டத்திலோ 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, பிறருக்கு 10 என்ற பகிர்வு வகுக்கப்பட்டது. அடியளவைப் போலவே இதுவும் அனைவரும் அறிந்த விதி. யாருக்கு அண்டையில் யார் என்பதை விருப்பத்துக்கு விட்டிருந்தால் பழைய நிலப்பரப்பே மீண்டும் உருவாகியிருக்கும் என்ற புரிதல் அவ்விதியில் உள்ளது.

இங்கு ஒரு விலகலையும் குறிப்பிடவேண்டும். வீட்டின் அண்மையும் எழுத்தின் அண்மையும் ஒன்றல்ல. வீட்டை ஒதுக்கீடு செய்யலாம்; வாசிப்பை ஒதுக்கீடு செய்ய இயலாது. எனவே குத்தம்பாக்கத்தை நேரடி முன்மாதிரியாகக் கொள்வது பொருந்தாது. அது தரும் பாடம் குறிப்பானது: தன்னாட்சி ஒரு திட்டம், பன்மை மற்றொரு திட்டம், முதலாவது இரண்டாவதைத் தானே கொண்டுவருவதில்லை.

தமிழ்மணம்: திரட்டியின் அதிகாரம்

2003ஐ ஒட்டித் தமிழில் வலைப்பதிவுகள் பரவத் தொடங்கின. ஒருங்குறி எழுத்துமுறை பரவலானதும் இலவசப் பதிவுச் சேவைகள் கிடைத்ததும் இதற்குத் துணைநின்றன. ஒவ்வொரு பதிவும் தனித்தனி முகவரியில், தனித்தனி உரிமையாளரின் ஆளுகையில் இருந்தது. ஆர்எஸ்எஸ் எனப்படும் செய்தியோடை நெறிமுறை அவற்றை இணைக்கும் நூலாக விளங்கியது. இன்றைய சொல்லில் கூறின், அது ஒரு மையமற்ற சமூக வலைப்பின்னல். அதன் முதற்சிக்கலும் இன்றையதே: எழுதுபவர் எங்கே இருக்கின்றார் என்று தெரியாதவர் அவரை எவ்வாறு படிப்பது?

2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் இச்சிக்கலுக்கு விடையாக அமைந்தது. பதிவுகளின் ஓடைகளைத் திரட்டி, புதியது மேலே வருமாறு காலவரிசையில் முகப்பில் காட்டியது அது. இக்காலவரிசை எளிய விதியாயினும் அதன் விளைவு பெரிது. தமிழ்நாட்டவரின் திரைப்பட விமரிசனம், ஈழத்தவரின் போர்க்காலக் குறிப்பு, வளைகுடாவில் பணிபுரிபவரின் நினைவுக்கட்டுரை, மலேசியத் தமிழரின் அரசியல் கருத்து ஆகியவை ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்தன. அச்சிதழ் உலகில் இவை சந்தித்துக்கொண்டது அரிது. ஒன்றைத் தேடி வந்தவர் தேடாத மற்றொன்றைக் கண்டார். குறிப்பாக, 2009இல் முடிவுற்ற ஈழப்போரின் இறுதி ஆண்டுகளில், தமிழ்நாட்டு வாசகர் பலர் ஈழத்தவரின் எழுத்தை இடையீட்டாளர் இன்றி நேரே படிக்க இவ்வண்மை வழிசெய்தது.

தமிழ்மணம் காலவரிசையோடு நிற்கவில்லை. அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகள், சூடான இடுகைகள், வாசகர் பரிந்துரை எனப் பல வரிசைகள் தோன்றின. இவ்விடத்தில் விதி வெளிப்படையாக இருப்பதன் மறுபக்கமும் தெரிந்தது. எதனால் ஓர் இடுகை மேலே வருகின்றது என்று அறிந்தவர்கள் அதற்கேற்ப எழுதலாயினர். பரபரப்பான தலைப்புகள், நண்பர் குழாமின் வாக்குகள், சச்சரவை வளர்க்கும் மறுமொழிகள் ஆகியவை முகப்பை நிரப்புகின்றன என்ற முறையீடு அக்காலப் பதிவுகளில் திரும்பத்திரும்பக் காணப்படும் ஒன்று. பின்னாளில் முகநூலின் மீதும் ட்விட்டரின் மீதும் வைக்கப்பட்ட அதே குற்றச்சாட்டு, நிறுவன இலாப நோக்கம் ஏதுமில்லாத தன்னார்வத் திரட்டியிலும் எழுந்தது என்பது சிந்திக்கத்தக்கது. கவனம் எண்ணப்படும் இடமெல்லாம் இப்போட்டி பிறக்கின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்மணத்தின் விதி தெரிந்திருந்ததால் பதிவர்கள் அதை எதிர்த்து வாதிட்டனர், நிர்வாகிகள் விளக்கமளித்தனர், விதிகள் திருத்தப்பட்டன. முகநூலின் வரிசைமுறையோடு ஒரு தமிழ் எழுத்தாளர் இவ்வாறு வாதிட இயலாது.

திரட்டியின் இரண்டாம் அதிகாரம், எது உள்ளே வரும் என்பது, இன்னும் கூர்மையான சர்ச்சைகளைத் தோற்றுவித்தது. அடையாளமற்ற வசைமொழிகளைக் கட்டுப்படுத்த மறுமொழி மட்டுறுத்தல் வலியுறுத்தப்பட்டபோதும், சில பதிவுகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோதும் கருத்துரிமை குறித்த நெடிய விவாதங்கள் நடந்தன. நீக்கப்பட்டவரின் பதிவு அழியவில்லை. அது அவரது முகவரியில் அப்படியே இருந்தது. ஆனால் அதைத் தேடி வருபவர் குறைந்தனர். மையமற்ற வலைப்பின்னலில் விலக்கம் என்பது அழிப்பாக வருவதில்லை, காணாமையாக வருகின்றது. விலக்கியவர் எதையும் பறிக்கவில்லை என்று கூறலாம். விலக்கப்பட்டவர் எல்லாவற்றையும் இழந்ததாக உணரலாம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கும்.

இதற்கு மாற்றாக வேறுவகை முயற்சிகளும் இருந்தன. தேன்கூடு போன்ற பிற திரட்டிகள் தோன்றின. வலைச்சரம் என்னும் கூட்டுப்பதிவில் வாரத்துக்கு ஒருவர் ஆசிரியப் பொறுப்பேற்றுத் தாம் படித்த பிறரை அறிமுகம் செய்தார். இங்கு எண்ணிக்கைக்கு இடமில்லை. ஒருவரின் சுவையே விதி. அச்சுவை ஒருபக்கச் சாய்வுடையதாயினும் ஒரு வாரத்தில் மாறிவிடும். வாக்கெண்ணிக்கை பலரைக் கேட்டு ஒரு வரிசையைத் தந்தது. சுழலும் ஆசிரியமுறை ஒருவரை மட்டும் கேட்டுப் பல வரிசைகளைத் தந்தது. பன்மைக்கு நெருக்கமானது இரண்டாவதே.

2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டது. அதற்கு முன்பே பதிவர்கள் முகநூலுக்கும் ட்விட்டருக்கும் நகரத் தொடங்கியிருந்தனர். திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பல பதிவுகள் இன்றும் அவற்றின் முகவரிகளில் உள்ளன. ஆனால் எவை எவற்றோடு சேர்த்துப் படிக்கப்பட்டன, எந்த நாளில் எது முகப்பில் நின்றது என்ற வாசிப்பின் வரலாற்றை மீட்பது கடினமாகிவிட்டது. தமிழ் இணைய இலக்கிய வரலாற்றை எழுத முற்படுவோருக்கு இது சிறிய இழப்பன்று.

மாஸ்டோடன்: தெரிந்ததையே அறியும் வழங்கி

ஜெர்மனியைச் சேர்ந்த யூகன் ராக்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டோடன் ஒரு தளமன்று. எவரும் தம் வழங்கியில் நிறுவிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். இவ்வழங்கிகள் ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையால் ஒன்றோடொன்று உரையாடுகின்றன. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 ஜனவரியில் அந்நெறிமுறையைத் தன் பரிந்துரையாக ஏற்றது. இந்தியாவிலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இதற்கு முன்னரே டயஸ்போரா போன்ற மையமற்ற மென்பொருள்களைக் கொண்டு பொதுவழங்கிகளை நடத்தி வந்துள்ளனர்.

மாஸ்டோடனின் முகப்போடை காலவரிசையில் அமைந்தது. அதனால் அதில் படிமுறை இல்லை, சாய்வும் இல்லை என்று அதன் ஆதரவாளர்கள் கூறுவதுண்டு. இக்கூற்றை ஆராயவேண்டும். பயனர் காணக்கூடிய ஓடைகள் அடிப்படையில் மூன்று. அவர் பின்தொடர்வோரின் பதிவுகள் ஒன்று. அவரது வழங்கியில் உள்ளோரின் பதிவுகள் இரண்டு. அவ்வழங்கி அறிந்துள்ள பிற வழங்கிகளின் பொதுப்பதிவுகள் மூன்று. மூன்றாவது ஓடை உலகம் முழுவதையும் காட்டுவது போன்ற தோற்றம் தருகின்றது. ஆனால் ஒரு வழங்கி எதை அறிந்துள்ளது? பெரும்பாலும், அதன் பயனர்களில் யாரேனும் ஒருவர் பின்தொடர்பவர்களின் பதிவுகளையே. யாரும் பின்தொடராத எழுத்தாளர் அவ்வழங்கியைப் பொறுத்தவரை இல்லாதவர்.

இவ்விதி மொழிச்சிறுபான்மையினருக்கு என்ன செய்கின்றது என்பது எளிதில் விளங்கும். ஆங்கிலம் எழுதுபவர் எந்தப் பெரிய வழங்கியில் சேர்ந்தாலும் ஆங்கில உலகம் ஏற்கெனவே அங்கு வந்துசேர்ந்திருக்கும். தமிழ் எழுதுபவர் அதே வழங்கியில் முதல் தமிழராகச் சேர்ந்தால், அங்கே தேடுபொறியில் ‘தமிழ்’ என்று இட்டாலும் கிடைப்பது மிகக் குறைவு. பிற வழங்கிகளில் தமிழர் இல்லை என்பதன்று காரணம். அவர்களை அழைத்துவரும் ஒருவர் இங்கே இல்லை என்பதே. ஏற்கெனவே அறிமுகமானவருக்கே அறிமுகம் கிடைக்கும் ஒழுங்கு இது. உறவும் ஊரும் சாதியும் வழியாக வேலைவாய்ப்பும் வாடகை வீடும் தேடித் தரப்படும் சமூகத்தில், இவ்வொழுங்கு புதியதாகவோ நடுநிலையானதாகவோ தோன்றாது. சாதிப் பாகுபாட்டைக் காரணங்காட்டி 2019இல் ட்விட்டரை நீங்கியவர்கள், முந்தைய தொடர்புகளின் அளவே ஒருவரின் உலகத்தைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வந்துசேர்ந்தனர் என்பது இந்நகர்வின் முரண்.

வழங்கியைத் தேர்வதும் பன்மைக்குத் துணைசெய்வதாகச் சொல்லப்படுகின்றது. பொருளாலோ இடத்தாலோ ஒன்றுபட்டவர்கள் ஒரே வழங்கியில் கூடினால் அதன் உள்ளூர் ஓடை உயிர்ப்புடன் இருக்கும். ஆனால் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றி எழுப்பிய வினா இங்கும் எழும். வழங்கியின் நிர்வாகி வேறொரு வழங்கியை முற்றிலுமாகத் துண்டிக்கலாம். வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் 2019இல் மாஸ்டோடன் மென்பொருளுக்கு மாறியபோது பெரும்பாலான வழங்கிகள் அதைத் துண்டித்தன; இவ்வதிகாரத்தின் தேவையை அது மெய்ப்பித்தது. அதே அதிகாரம் ஒரு நிர்வாகியின் தனிப்பட்ட சினத்தால் பயன்படும்போது, துண்டிப்புக்குக் காரணமற்ற நூற்றுக்கணக்கானோரும் ஒருவருக்கொருவர் மறைந்துபோவர். தமிழ்மணத்தில் ஒரு பதிவு பட்டியலிலிருந்து நீங்கியது. இங்கே ஊரே நீங்குகின்றது.

ஹேஷ்டேக்கும் தமிழ்ப் புணர்ச்சியும்

மாஸ்டோடனில் அறியாதவர்களைக் கண்டடைய நெடுங்காலம் முதன்மை வழியாக இருந்தது ஹேஷ்டேக். 2022 நவம்பரில் வெளிவந்த 4.0 பதிப்பு முதல் ஒரு ஹேஷ்டேக்கையே பின்தொடரவும் முடிகின்றது. ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு அமைந்த இக்கருவி தமிழின் இயல்போடு பலவிடங்களில் முரண்படுகின்றது.

ஹேஷ்டேக் இடைவெளியற்ற ஒரே சொல்லாக இருத்தல் வேண்டும். தமிழில் இரு சொற்கள் சேரும்போது ஒற்று மிகலாம்; எழுதுவோர் பலர் அதை விட்டுவிடுவதும் உண்டு. ‘தமிழ்க்கவிதை’, ‘தமிழ்கவிதை’ என்ற இரண்டும் கணினிக்கு இருவேறு ஊர்கள். ‘கவிதை’, ‘கவிதைகள்’, ‘கவிதையில்’ என்பன மேலும் மூன்று. இலக்கணம் அறிந்தவர் ஒரு குழுவிலும் அறியாதவர் மற்றொரு குழுவிலும் சேர்வது, மொழித்திறனை அடையாளமாகக் கொண்ட பழைய பிரிவினையை அறியாமலே புதுப்பிப்பதாகும். எழுத்துக்குறியீட்டிலும் இச்சிக்கல் உண்டு. ஸ்ரீ என்னும் எழுத்தை ஒருங்குறியில் ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் உள்ளிடலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ‘ஸ்ரீரங்கம்’ இவ்வாறு கணினிக்கு இரண்டாகிவிடும். இவற்றோடு உரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவோரையும் சேர்த்தால், ஒரே பொருளைப் பற்றிப் பேசுவோர் ஒருவரையொருவர் காணாமலே பல தெருக்களில் பேசிக்கொண்டிருக்கும் நிலை புலப்படும்.

இவற்றை மென்பொருளால் ஓரளவு தீர்க்கலாம்; வழக்காற்றாலும் தீர்க்கலாம். ஒரு பொருளுக்கு இன்ன சொல்லை இன்ன வடிவில் இடுவது என்று ஒரு சமூகம் உடன்பட்டால் சிதறல் குறையும். அத்தகைய உடன்பாட்டை உருவாக்குவது தொகுப்பவரின் பணியே. நெறிமுறை அதைச் செய்துதராது.

கண்டடைதலும் துரத்தப்படுதலும்

கண்டடைதலை எளிதாக்குவதே நன்மை என்ற எடுகோளுக்கும் வரம்பு உண்டு. மாஸ்டோடன் பல ஆண்டுகள் பொதுப்பதிவுகளின் முழுமையான சொல்தேடலைத் தரவில்லை. இது இயலாமையன்று, வேண்டுமென்றே மேற்கொண்ட முடிவு. யாருடைய பேச்சையும் எவரும் ஒரு சொல்லைக்கொண்டு தேடி எடுக்க முடிந்தால், அச்சொல்லைப் பேசுவோரைத் தாக்க விரும்புவோருக்கும் அது எளிதாகும். 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்பில் சொல்தேடல் சேர்க்கப்பட்டபோதும், தம் பதிவுகள் தேடலுக்கு உட்படுவதற்கு எழுதியவர் இசைவு தெரிவித்தாலன்றி அவை பிறருக்குக் கிடைப்பதில்லை.

தமிழ்ச் சூழலில் இம்முடிவின் பொருள் ஆழமானது. சாதி ஆணவக்கொலையைப் பற்றி எழுதும் தலித் எழுத்தாளர், பாலியல் துன்புறுத்தலைப் பற்றி எழுதும் பெண், போர்க்குற்றத்தைப் பற்றி எழுதும் ஈழத்தவர் ஆகியோருக்குத் தம் வாசகரால் கண்டடையப்படுவதும் தம் பகைவரால் கண்டடையப்படுவதும் ஒரே கதவின் வழியே நிகழ்கின்றன. கதவை முற்றிலும் திறந்தால் துரத்தப்படுவர்; முற்றிலும் அடைத்தால் மறக்கப்படுவர். இசைவின் அடிப்படையிலான தேடல் கதவின் தாழ்ப்பாளை உள்ளிருப்பவரின் கையில் தருகின்றது. எனினும் இதற்கு ஒரு விலையும் உண்டு. இசைவு தரத் துணிபவர் ஏற்கெனவே பாதுகாப்பு உடையவர், தயங்குபவர் பாதுகாப்பற்றவர். எனவே இசைவின் அடிப்படையில் அமையும் தேடல், அஞ்சத்தேவையற்றவர்களின் குரலையே மிகுதியாகக் காட்டும். அஞ்சுவோரையும் வாசகரிடம் கொண்டுசேர்ப்பது எந்திரத் தேடலால் இயலாது. நம்பிக்கைக்குரிய தொகுப்பாளர் ஒருவர், எழுதியவரின் ஒப்புதலோடு, உரிய வாசகரிடம் சேர்ப்பதே அதற்குரிய வழி. வலைச்சரத்தின் சுழலும் ஆசிரியமுறை இவ்விடத்தில் மீண்டும் பொருள்பெறுகின்றது.

2024 பிப்ரவரியில் அழைப்பின்றி அனைவருக்கும் திறக்கப்பட்ட புளூஸ்கை, ஓடைகளை எவரும் வடிவமைத்துப் பிறருக்கு வழங்க இடமளிக்கின்றது. பின்தொடரத் தக்கவர்களின் தொகுப்புகளையும் பயனர்களே உருவாக்கலாம். தொகுப்பவர் பலராக இருத்தல் என்ற அளவில் இது வரவேற்கத்தக்கது. ஆயினும் அவ்வோடைகளின் விதி என்ன என்பதை அவற்றை உருவாக்கியவர் சொன்னாலன்றிப் படிப்பவர் அறிவது கடினம். வலைப்பின்னலின் பெரும்பகுதி இன்னும் ஒரே நிறுவனத்தின் கட்டமைப்பைச் சார்ந்துள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து மூன்று முடிபுகளைத் தொகுக்கலாம். முதலாவது, சிற்றலகுகளின் தன்னாட்சி பன்மைக்கு வாய்ப்பளிக்கின்றது, பன்மையை உறுதிசெய்வதில்லை. கிராமம் பற்றி அம்பேத்கர் எச்சரித்த குறுகல் வழங்கிகளுக்கும் உரியது. குத்தம்பாக்கத்தில் தன்னாட்சியோடு அண்மையும் திட்டமிடப்பட்டது. மாஸ்டோடனின் அமைப்பில் அண்மை தற்செயலுக்கு விடப்பட்டுள்ளது.

இரண்டாவது, படிமுறை அற்ற ஓடை என்று ஒன்றில்லை. காலவரிசை, அடியளவு, வாக்கெண்ணிக்கை, 40-25-25-10 என்ற பகிர்வு ஆகிய யாவும் விதிகளே. எது விதி என்று தெரிகின்றதா, அதனோடு வாதிட இடமுண்டா என்பதே அவற்றை வேறுபடுத்துகின்றது. தமிழ்மணத்தின் சச்சரவுகளை அதன் தோல்வியாகக் கருதும் போக்கு உண்டு. அவை, ஒரு வாசகச் சமூகம் தன் தொகுப்பு விதியைத் தானே விவாதித்த அரிய தருணங்கள் என்று கருதுவது பொருத்தம்.

மூன்றாவது, கண்டடைபவரின் உரிமையோடு கண்டடையப்படுபவரின் இசைவும் சேர்ந்தே கருதப்படவேண்டும். அதற்கு மனிதத் தொகுப்பாளரின் இடையீடு இன்றியமையாதது. அத்தகைய தொகுப்பாளர் ஒருவராக அன்றிப் பலராகவும், நிலையானவராக அன்றி மாறுபவராகவும் இருத்தல் வேண்டும்.

நடைமுறையில் இது பெருஞ்செலவு வேண்டுவதன்று. தமிழ்த்துறைகளும் நூலகங்களும் கட்டற்ற மென்பொருள் குழுக்களும் இணைந்து தமிழ் வழங்கிகளை நடத்தலாம்; ஹேஷ்டேக்குகளுக்குப் பொதுவடிவங்களை வகுக்கலாம்; வாரந்தோறும் மாறும் தொகுப்பாசிரியரை அமர்த்தி, அவ்வாரத் தொகுப்பை, உரியவர்களின் இசைவோடு, ஆவணப்படுத்தலாம். நிறுவனத்தின் ஆதரவு மட்டும் நிலைபேற்றைத் தந்துவிடாது என்பதையும் மறத்தலாகாது. ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்காக 2022 ஏப்ரலில் தொடங்கப்பட்ட மாஸ்டோடன் வழங்கியே 2024 மே மாதத்தில் மூடப்பட்டது. மாஸ்டோடனில் வழங்கி மாறுபவர் தம்மைப் பின்தொடர்வோரை உடன் கொண்டுசெல்லலாம்; பழைய பதிவுகளைக் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே வழங்கியை நடத்துவதும் அதன் ஆவணத்தை வேறிடத்தில் காப்பதும் இருவேறு பொறுப்புகள். தமிழ்த் திரட்டிகளின் காலத்தில் முதலாவதை ஏற்கத் தன்னார்வலர் சிலர் இருந்தனர். இரண்டாவதை ஏற்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அடுத்த தலைமுறைத் தமிழ் வலைப்பின்னலுக்குப் பல்கலைக்கழகங்கள் ஆற்றவேண்டிய முதற்பணி அதுவே.